படுகளத்தில் அரைப் பேர்

மரவாளைத் தூக்கிக்கொண்டு நாலு சுற்றுச் சுற்றிவிட்டுத் தொப்பென்று விழுகிறவனுக்கு முழுப் பங்கு. விழுந்தவனுக்காக மாரடித்து அழுது, பாடி, தண்ணீர் தெளித்து அவனை எழுப்புகிறவனுக்கு அரைப் பங்கு. எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூத்தில் இதுதான் சட்டம். யார் போட்ட சட்டம் என்று கேட்டால், "அந்தக் காலத்துலேர்ந்து அப்படித்தான்" என்பார் எங்களை வேலை வாங்குகிற கங்காணி. அந்தக் காலம் என்பது அவருடைய அப்பா கங்காணியாக இருந்த காலம். வேறென்ன!

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வயதாகிவிட்டது, விட்டுத் தொலையுங்கள் என்கிறாள் என் மனைவி. விட்டுத் தொலைக்கிற ஆளாக இருந்திருந்தால் அன்றைக்கே விட்டிருப்பேனே.

இலங்கை மலைநாட்டில், அப்புத்தளையிலிருந்து ஹல்துமுல்லைக்கு இறங்குகிற பக்கம் எங்கள் தோட்டம். மாசி மாதத்தில் கோயில் மைதானத்தில் படுகளக் கூத்து ஆடுவோம். கதை சின்னதுதான். இரண்டு ராசாக்கள், அண்ணனும் தம்பியும். சண்டைக்குப் போகிறார்கள், இரண்டு பேரும் செத்து விழுகிறார்கள். விடிகிற நேரத்தில் அவர்களுடைய தங்கச்சி குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு வருகிறாள். அழுகிறாள், வேப்பிலையால் தண்ணீர் தெளிக்கிறாள். செத்தவர்கள் எழுந்துகொள்கிறார்கள். அந்தத் தங்கச்சி நான்தான். மீசையை மழித்து, முகத்துக்கு அரிதாரம் பூசி, சேலையைக் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேஷம் கட்டினேன்; கல்யாணத்துக்குப் பிறகு மனைவியின் கூறைச் சேலை. சண்டைக்காரர்களுக்குப் பாட்டு நாலு வரி. எனக்கு மணிக்கணக்கில் பாட்டு. தொண்டை கட்டி ஒரு வாரத்துக்குப் பேச முடியாது. அவர்களுக்கோ தேயிலைப் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாளை ஒட்டிய வாளும், தலைப்பாவும், முழுப் பங்கும். நோகாமல் நுங்கு தின்கிறது என்பார்களே, அது.

படுகளத்தில் ஒரு கண்டிப்பு உண்டு. விழுந்தவன் தங்கச்சி தண்ணீர் தெளிக்காமல் எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் உயிரில் பாதி அந்த மண்ணிலேயே தங்கிவிடும் என்று எங்கள் ஆட்கள் நம்பினார்கள். அப்படி எழுந்தவன் வீட்டில் யாரும் கை நனைக்கமாட்டார்கள், பெண் கொடுக்கமாட்டார்கள். கூத்துதானே என்று சிரிக்காதீர்கள். எங்களுக்கு அது கூத்து மட்டும் இல்லை.

தோட்டத்திலும் இதே கதைதான். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் போடுவார்கள். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. மழையிலும் பனியிலும் கூடை சுமக்கிற பொம்பளைக்கு, செடி வெட்டுகிற கவாத்துக் கத்தி பிடிக்கிற ஆம்பளையைவிடக் கூலி குறைவு. கத்தி பிடித்தவன்தான் மனுசன். நான் ஆம்பளையாக இருந்தும், கூத்தில் சேலை கட்டிய பாவத்துக்கு எனக்கும் பொம்பளைக் கணக்கு. தப்பு மேளம் அடிக்கிறவருக்கு அரை. வேஷத் துணி வெளுத்துக் கொடுக்கிறவருக்கு அரை. கூத்துக்காரர்களுக்கு ஆக்கிப் போடுகிற பெண்களுக்கு அதுகூட இல்லை, அடிச்சட்டியைச் சுரண்டிக்கொள்ளலாம்.

எழுபதுகளில் அரிசி கண்ணில் படாத வருடம் ஒன்று வந்தது. கோதுமை மா ரொட்டி, மரவள்ளிக்கிழங்கு, அதுவும் இல்லாவிட்டால் வெறும் தேயிலைச் சாயம். ரெண்டு கொத்துக்கு, அதாவது ஏறக்குறைய ரெண்டு கிலோவுக்கு, மேல் அரிசி கையில் இருந்தால் பொலிஸ்காரர்கள் பஸ்ஸை மறித்து இறக்கிவிடுவார்கள். பதுளையில் ஒரு முஸ்லிம் நானாவின் கடை இருந்தது. அந்தக் கடை முதலாளி வருடாவருடம் எங்கள் கூத்துக்கு ஒரு மூட்டை அரிசி கொடுப்பார், பங்கு பிரிப்பது அதைத்தான். அந்த வருடமும் எங்கிருந்தோ புரட்டி வைத்துவிட்டு, "அரிசி இருக்கு, கொண்டுபோறது ஒங்க பாடு" என்று சொல்லி அனுப்பினார். நல்ல மனுசன்.

மூட்டையாகக் கொண்டுவந்தால் பிடிபடும். அதனால் பெண்கள்தான் போனார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும். பையில் ரெண்டு கொத்து, சேலைக்குள் கொஞ்சம். வாள் பிடித்த வீரன் ஒருவனாவது போனானா? பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து! என் மனைவி அப்போது நிறைமாதத்துக்குக் கிட்ட. வயிற்றுப் பிள்ளைக்காரியை யாரும் தொட்டுச் சோதிக்கமாட்டார்கள் என்று அவளை ஒவ்வொரு தரமும் அனுப்பினார் கங்காணி. வயிற்றுக்குக் கீழே துணிப்பையைக் கட்டி, அதன்மேல் சேலையைச் சுற்றிக்கொண்டு போய்வருவாள். வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். "சாமி காரியம், நம்ம பங்கும் இருக்குல்ல" என்றாள். பஸ்ஸை மறித்தபோது ஒருமுறை, பாவம் என்று இரக்கப்பட்டு அந்தப் பொலிஸ்காரனே, சோதனைக்கு எழுந்த ஒருவனை மறுபடி உட்காரவிடாமல் அவளுக்கு இடம் பிடித்துக் கொடுத்தானாம். வந்து சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கூத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் பிள்ளை பிறந்தது. பெண் பிள்ளை. தாய்க்குப் பால் இல்லை. ரொட்டியைத் தின்று தின்று அவளுக்கு வயிறு ஒட்டிக் கிடந்தது, எழுந்தால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவாள். பிள்ளை கத்திக் கத்தி ஓய்ந்துபோய்ச் சும்மா வாயைத் திறந்து மூடும். மருத்துவிச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சோறு போடு தம்பி. மருந்தெல்லாம் வேணாம். சோறு தின்னா பால் ஊறும்" என்றாள். சோற்றுக்கு எங்கே போவேன்? அவள் வயிற்றில் கட்டிக்கொண்டுவந்த அரிசி கங்காணி வீட்டில் மூட்டையாக இருந்தது.

போய்க் கேட்டேன். திண்ணையில்கூட ஏறவில்லை, வாசலிலேயே நின்று கேட்டேன்.

"கங்காணி, எம் பங்க முன்னாடியே குடுத்திருங்க. வீட்டுல புள்ள பெத்தவ பட்டினி."

"சாமி அரிசிடா. படுகளம் முடியாம ஒரு மணி வெளிய போகாது" என்றார்.

"சரிங்க. அப்பவாச்சும் முழுப் பங்கா குடுங்க. அரைப் பங்கு ரெண்டு நாளைக்குக் காணாது. கொண்டாந்தது அவதானே."

வெற்றிலையை மென்றுகொண்டே சிரித்தார். "கொண்டாந்ததுக்கு எந்தக் காலத்துல பங்கு இருந்துச்சு? வாளு புடிச்சவனுக்குத்தான்டா முழுப் பங்கு. நீ சீல கட்டுறவன். அழுவுறதெல்லாம் ஒரு வேலையாடா?"

திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தச் சிரிப்புத்தான் காதில் கேட்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! அவன் பல்லை உடைத்திருக்க வேண்டும். உடைக்கவில்லை. வேஷம் கட்டப் போனேன்.

அந்த வருடம் அண்ணன் ராசா வேஷம் கங்காணியின் மகனுக்கு. ஒத்திகைக்கு ஒழுங்காக வந்தவன் இல்லை. எப்படி விழுவது என்றுகூட நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு வெலிமடைப் பக்கம் பெண் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளை வாள் வீசுவதைப் பார்க்கட்டும் என்று பெண் வீட்டாரையும் கங்காணி அழைத்து, முன்னால் பெஞ்சு போட்டு உட்காரவைத்திருந்தார். தம்பி ராசா பக்கத்து லயத்துக்காரன், அதாவது பக்கத்து வரிசை வீடுகளில் இருப்பவன், என் கூட்டாளி.

விடிந்தது. அந்த வருடம் மாசியிலும் தூற்றல் விடவில்லை. மைதானத்துப் புல் நனைந்து கிடந்தது, பனி வந்து ஆட்களை மூடி மூடித் திறந்தது. இரண்டு ராசாக்களும் சண்டை போட்டு விழுந்தார்கள். தப்பு அதிர்ந்தது. நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதபடி களத்துக்குள் போனேன். கங்காணி தலைப்பாவோடு நாற்காலியில் இருந்தார். அவருக்குப் பின்னால் பாயில் அரிசி.

அந்த அரிசியைப் பார்த்தேன். என் பிள்ளை சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடுவது நினைவுக்கு வந்தது. முன்கூட்டியே திட்டம் போட்டேன் என்று பெருமையடிக்கமாட்டேன். பாடிக்கொண்டிருந்தவன் நிறுத்தினேன். குடத்தைக் கீழே வைத்தேன். சேலையை ஒதுக்கிக்கொண்டு பிணங்களுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

தப்பு அடிக்கிறவர் என்னைப் பார்த்தார். இரண்டு அடி அடித்தார், மறுபடியும் பார்த்தார். பிறகு குச்சியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"என்னடா? ஏன் நிறுத்திட்ட?" என்றார் கங்காணி.

"அழுவுறதெல்லாம் வேலை இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் நிறுத்திட்டேன்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து உடனே அடக்கிக்கொண்டார்கள். கங்காணி எழுந்துவிட்டார்.

"வெளையாடாத. ரெண்டு பேரும் குளிருல கெடக்குறானுங்க. தண்ணியத் தெளி."

"வாளு புடிச்ச வீரனுங்கதானே? அவங்களே எந்திரிச்சுக்கட்டும். எனக்கு முழுப் பங்குன்னு சபையில சொல்லுங்க, தெளிக்கிறேன்."

"சாமி களத்துல பேரம் பேசுறியா? நாசமாப் போயிருவ!"

"நாசமாப் போறதுக்கு இனி என்னா இருக்கு என் வீட்டுல?"

கங்காணி கூட்டத்தைப் பார்த்து, "வேற யாராச்சும் வந்து தெளிங்கடா" என்று கத்தினார். ஒருவன் வந்தான். அவருக்குக் காவடி தூக்குகிறவன் எந்தத் தோட்டத்தில்தான் இல்லை? குடத்தில் கை வைக்கப் போனவனை, முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் அதட்டி நிறுத்தினார்கள். "டேய், எடுத்தா எடுத்த கை வெளங்காது. அழாதவன் கைத் தண்ணி பொணத்துக்கு ஊத்துற தண்ணி." அவன் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடியே போனான்.

என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்த தம்பி ராசா கண்ணைத் திறக்காமல், உதடு மட்டும் அசைய, "மச்சான், விட்டுறாத. நான் கெடக்கேன்" என்றான். அவனுக்கு எப்படியும் முழுப் பங்கு. அவன் அப்படிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

நேரம் போனது. கங்காணி மிரட்டினார், திட்டினார், வேலையிலிருந்து நிறுத்துவேன் என்றார். நான் குடத்தின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். தோட்டத்தில் கங்காணியைப் பகைத்தவன் எங்கே போய்ப் பிழைப்பான்?

அப்போதுதான் அது நடந்தது. ஈரப் புல்லில் அவ்வளவு நேரம் கிடந்தால் என்ன வரும்? அட்டை வரும். அண்ணன் ராசாவின் கால் முதலில் லேசாக உதறியது. பிறகு தொடை உதறியது. "ஐயோ, உள்ள போகுது, உள்ள போகுது!" என்று அலறிக்கொண்டு துள்ளி எழுந்து, ராசா உடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குதித்தான். நாடாண்ட ராசா, படையை வென்ற ராசா, ஒரு அட்டைக்குக் குதித்தான்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கூட்டமே ஓவென்று கத்தியது. எழுப்பாமல் எழுந்துவிட்டான்! பெஞ்சில் இருந்த பெண்ணின் அப்பா சால்வையைச் சரிசெய்துகொண்டு மெதுவாக எழுந்தார். கங்காணியின் மனைவி தலைமுடி அவிழ ஓடிவந்து என் முன்னால் விழுந்தாள்.

"தம்பி, எழுப்புப்பா எம் புள்ளைய!"

"நிக்கிறவன எப்படிங்கம்மா எழுப்புறது? மொதல்ல படுக்கச் சொல்லுங்க. அப்புறம் பங்கச் சொல்லச் சொல்லுங்க."

அவள் எழுந்து புருசனைப் பார்த்துத் திரும்பினாள். கங்காணி வீட்டு அம்மா சபையில் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டோம்.

"குடுத்துத் தொலைங்களேன்! ஒங்க அப்பன் வீட்டு அரிசியா அது? அவன் பொண்டாட்டி வயித்துல கட்டிக் கொண்டாந்த அரிசி!"

அவ்வளவுதான். பெண்கள் பக்கமிருந்து ஒரே சத்தம். "நாங்களுந்தான் கொண்டாந்தோம்!" "பஸ்ஸுல நாங்கதானே நடுங்குனோம்!" "வீரனுங்க எங்க போயிருந்தானுங்க?" இத்தனை நாள் எங்கே இருந்தது அந்தச் சத்தம் என்று எனக்கே ஆச்சரியம். தப்பு அடிக்கிறவர் இடுப்பிலிருந்து குச்சியை எடுத்து, காத்திருக்கிறேன் என்பதைப்போல ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.

கங்காணி பெண் வீட்டாரைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். "சரிடா. ஒனக்கு முழுப் பங்கு" என்றார்.

"எனக்கு மட்டும் இல்ல. வாளு புடிக்காத எல்லாத்துக்கும். தப்பு, துணி வெளுத்தவரு, அரிசி கொண்டாந்தவங்க, ஆக்கிப் போட்டவங்க, எல்லாத்துக்கும் ஒரே பங்கு."

பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்டது. "எல்லாத்துக்கும்" என்றார்.

கங்காணி மகனை மறுபடியும் படுக்கவைத்தேன். அட்டையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத்தான் படுத்தான். நான் விட்ட இடத்திலிருந்து பாடினேன். எத்தனையோ வருடம் அந்தக் களத்தில் அழுதிருக்கிறேன், அன்றைக்கு அழுத மாதிரி அழுததில்லை. வேஷமும் இல்லை, ஒன்றும் இல்லை, பசி தாங்காமல் அழுதேன். தண்ணீர் தெளித்தேன். தம்பி ராசா எழுந்தபோது அவன் உதடெல்லாம் நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடித்தான் படுபாவி.

சேலையைக்கூட அவிழ்க்காமல் அரிசியை மடியில் கட்டிக்கொண்டு லயத்துக்கு ஓடினேன். உலை வைத்து, வடித்து, கருவாட்டைச் சுட்டுப் போட்டேன். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். கஞ்சித் தண்ணீரையும் விடாமல் குடித்தாள். பிறகுதான் என் முகத்து அரிதாரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"முழுப் பங்கா?"

"முழுப் பங்கு. வீட்டுக்கு ஒண்ணுன்னு பிரிச்சாங்க."

"இது நான் கொண்டாந்ததுக்குச் சரியாப் போச்சு. நீங்க அழுததுக்கு எங்க?"

நானும் சிரித்தேன். ரெண்டு மூன்று நாளில் பிள்ளைக்குப் பால் ஊறியது. அதன் அழுகைச் சத்தம் லயத்தின் கடைசி வீடு வரைக்கும் கேட்டது.

கங்காணி சும்மா விடுவாரா? பெரட்டுக்களத்தில் காலையில் வேலை பிரிக்கும்போது எனக்கு எப்போதும் கான் வெட்டு, தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் தோண்டுகிற வேலை, அதுவும் கல் மலையில். சாயங்காலம் அரைப் பேர். கேட்டால், "படுகளத்துல முழுசா வாங்குனீல்ல, இங்க அரையா வாங்கு" என்பார். மாதக்கணக்கில் அந்த மனுசன் என்னை வாட்டி எடுத்தார். நானும் ஒவ்வொரு நாளும் அவர் குடும்பத்தைக் கருவிக்கொண்டுதான் மண்வெட்டியை ஓங்கினேன். அவர் மகன் கல்யாணம் ஒரு வழியாக நடந்தது. எங்களுக்கு அழைப்பு இல்லை.

அடுத்த மாசி வந்தது. அரிசித் தட்டுப்பாடு அப்படியேதான் இருந்தது, பெண்கள் பதுளைக்குப் போய் வந்ததும் அப்படியேதான். கங்காணி தங்கச்சி வேஷத்தை என்னிடமிருந்து பிடுங்கித் தன் மனைவியின் தம்பிக்குக் கொடுத்தார். சொந்தக்காரன், எதிர்த்துப் பேசமாட்டான். கூடவே, "போன வருசம் ஏதோ நடந்துபோச்சு. பழைய முறைதான் முறை, வாளு புடிக்காதவனுக்கு அரைப் பங்கு" என்று கோயிலில் வைத்துச் சொல்லியும்விட்டார். வாயைத் திறந்தால் என் வேலை போய்விடும். மனைவி என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

கூத்தன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் கூட்டத்தில் நின்றோம். மறுபடியும் கங்காணி மகன்தான் அண்ணன் ராசா. விழுந்தான். கங்காணியின் மச்சினன் புதுச் சேலையில் குடத்தோடு வந்தான். குரலா அது? காக்காய் கத்துகிற மாதிரி இருந்தது. ஒரு அடி பிந்தி, ஒரு அடி முந்திப் பாடினான். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோசம். நாலு பிள்ளைக்காரன், அவன் வீட்டிலும் ரொட்டிதான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பாதிப் பாட்டில் நிறுத்தினான். மறந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அவன் குடத்தைப் புல்லில் வைத்தான். சேலையை ஒதுக்கிக்கொண்டு பிணங்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். யாரும் சொல்லாமலே தப்பு நின்றது.

கங்காணி நாற்காலியிலிருந்து எழுந்தார். மச்சினன் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மாமா, மொதல்ல பங்கச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் ஒரே பங்குன்னு சொல்லுங்க."

கங்காணி மச்சினனைப் பார்த்தார், குடத்தைப் பார்த்தார். அப்போது களத்தில் செத்துக் கிடந்த அவர் மகன், கண்ணைத் திறக்காமலே கத்தினான்.

"சீக்கிரம் சொல்லித் தொலைப்பா! அட்டை ஏறுது!"